தேய்ந்த ரப்பர்

வண்டியைக் கிளப்பியதும் பட்டன்காரர் உடனே கியர் போடமாட்டார். உள்ளங்கையை விரித்து டேஷ்போர்டின் மேல் வைப்பார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் சற்று நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் கிளட்ச், கியர் எல்லாம். வீட்டு வாசலானாலும் சரி, மழைக்கு ஒதுங்கிய பெட்ரோல் பங்கானாலும் சரி, கை போய் அங்கே உட்காராமல் வண்டி நகராது. சின்ன வயதில் மகள் அதைக் கும்பிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டிலிருந்து அவளும் எட்டி, முன்சீட்டின் முதுகில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்சம் விவரம் தெரிந்ததும் கிண்டல் ஆரம்பித்தது.

"என்னப்பா, ஜுரம் விட்டிருக்கா?"

"ஆமா ஆமா" என்பார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அவருடைய பிழைப்பு பட்டன். சட்டைக்கு வைப்பது, கோட்டுக்கு வைப்பது, பள்ளிச் சீருடைக்கு வைப்பது, கூடவே ஜிப்பும் கொக்கியும். பட்டன் செய்யும் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள். அட்டையில் வரிசையாகத் தைத்த மாதிரிகளைத் தையல் கடை மேஜையில் விரிப்பார். தையற்காரர் எதன்மேல் விரல் வைக்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை டப்பாவோடு வருவார். இப்படி நான்கைந்து ஊர்களைச் சுற்றி வந்ததில் சொந்தப் பெயர் எங்கோ உதிர்ந்துபோய், வீட்டுக்காரர், பால்காரர் வரைக்கும் அவர் பட்டன்காரர்தான்.

அதற்கு முன்னால் அதே கம்பெனியில் பட்டன் வெட்டும் மெஷினில் நின்றவர். இளமை முழுவதும் அந்த மெஷினோடு போயிற்று. ஒரு வாய்ப்பு வந்தபோது, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஊரும் தெரியும்" என்று மேனேஜரிடம் கேட்டு வெளியே வந்துவிட்டார். அந்த மேனேஜர் ஓட்டி, மேனேஜரின் மைத்துனர் ஓட்டி அலுத்து, மூன்றாவதாக அவர் கைக்கு வந்ததுதான் நீல வண்டி.

அவர் கைக்கு வரும்போதே அது கிழம். அதன்பிறகும் சளைக்காமல் ஓடியது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிய அன்று வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். "யாருக்குப் பிறந்த நாள்?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிண்ணங்களை எடுத்து வைத்தார். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுவார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் தெருவில் இறக்கமாட்டார். டயருக்குக் காற்று, பெல்ட்டில் வெடிப்பு, பிரேக் கட்டையின் கனம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் ஆடுவது, அதிர்வது, கடகடப்பது எதையும் அவர் நோயாக எடுத்துக்கொண்டதில்லை.

"ஆடினா ஆடிட்டுப் போகட்டும். ஓடுதில்ல?"

சிக்னலில் நின்றால் வண்டி குளிரில் நிற்பவன்போல நடுங்கும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரியும். டிக்கியில் இருக்கும் பட்டன் டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரி நடத்தும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

மகள் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடித்து இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அப்பாதான் கொண்டுபோய் விட்டார். வண்டி வாசலில் வந்து நின்ற சத்தத்துக்கு மாடியில் ஜன்னல்கள் திறந்தன. மறுநாளிலிருந்து அவள் ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். "கொஞ்சம் நடந்தா நல்லதுப்பா" என்றாள். அவர் "ஆமா ஆமா" என்றார். அவர் நம்பினாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. நம்பவில்லை என்றால் முகத்தில் ஏன் ஒன்றுமே காட்டவில்லை என்பதும் தெரியவில்லை. அந்த ஒரு தெருவை நடக்கும்போதெல்லாம் இது உறுத்தும். ஆபீஸ் கதவைத் தள்ளியதும் மறந்துவிடும்.

கொஞ்ச நாள் கழித்துப் புது வண்டிப் பேச்சை எடுத்தாள்.

"இதுக்கு என்ன குறை?" என்றார்.

"குறையா? இதுல எது குறை இல்லன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. "எதிர் வீட்டுப் பாப்பா தூங்கினா தள்ளிட்டுதான் வரணும்னு அவங்கம்மா சொல்லிட்டுப் போறா."

"புதுசு வேணாம். பழகின வண்டி."

"சரிப்பா, இதையே சரி பண்ணலாம். என் செலவு. ஆடறது, அதிர்றது எல்லாத்தையும் எடுத்துட்டு நல்லா ஆக்கித் தரேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வண்டி போனது ரேடியோவின் பட்டறைக்கு. ரேடியோ என்பது மெக்கானிக்கின் பெயர், அதாவது எல்லோரும் வைத்த பெயர். அவருக்கு வாய் ஓயாது. காருக்கு அடியில் படுத்திருந்தாலும் அங்கிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், யார் வண்டியை விற்றுவிட்டு விற்கவில்லை என்று சொல்கிறார்கள், எந்த டாக்சிக்காரருக்கும் எந்த டாக்சிக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அந்தப் பட்டறையில் அலசப்படும். "அவன்கிட்ட ஒண்ணு சொல்றதும் மைக் வச்சுச் சொல்றதும் ஒண்ணுதான்" என்பார்கள். ஆனால் கை சுத்தம். பட்டன்காரரின் வண்டியைப் பல வருடமாகப் பார்ப்பவர் அவர்தான்.

"அண்ணன் சம்மதிச்சுட்டாரா?" என்று ஆச்சரியப்பட்டார். "ரப்பரெல்லாம் செத்துப் போச்சு, மாத்திக்கலாம்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்! எஞ்சின் இருக்குல்ல பாப்பா, அது ரப்பர் கட்டை மேலதான் உக்காந்திருக்கு. மவுண்ட்டிங்னு சொல்லுவோம். அது தேஞ்சா எஞ்சினோட நடுக்கம் அப்படியே பாடிக்கு ஏறிடும். உங்கப்பா ஓட்டறது காரே இல்லம்மா, மாவு மில்லு."

ஒரு வாரம் வண்டி அங்கே கிடந்தது. எஞ்சின் மவுண்ட்டிங் புதுசாயிற்று. நான்கு ஷாக் அப்சார்பரும் மாறின. ஓட்டை விழுந்த சைலென்சர் போய் வேறு வந்தது. கதவு ரப்பர், சீட் துணி, ஸ்டியரிங்குக்கு உறை. மகள் ஆசைப்பட்டு, பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் பீப் பீப் என்று கத்தும் கருவியையும் பம்பரில் வைக்கச் சொன்னாள்.

வண்டி திரும்பி வந்த மாலை தெருவே வேடிக்கை பார்த்தது. மாடி வீட்டு ரிட்டயர்டு கிளார்க் இறங்கி வந்து பானெட்டில் காது வைத்தார். "ஓடுதா நிக்குதான்னே தெரியலையே!" என்று மகளைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தினார். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டன்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு மறுபடி சாவியைத் திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் போய்க் கடித்துக் 'கர்ர்ர்' என்று கூசும் சத்தம் எழுந்தது. கிளார்க் பல்லைக் கடித்துக்கொண்டு விலகினார்.

"ஓடுதுப்பா! ஏற்கெனவே ஓடுது!" மகள் ஜன்னலில் தலையை விட்டுச் சிரித்தாள். "அவ்ளோ ஸ்மூத்!"

அவரும் சிரித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமாற்றி ஒன்று. சிக்னலில் எஞ்சின் அணைந்து நிற்கும். அவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று உட்கார்ந்திருப்பார். பின்னால் வருபவர்கள் ஹார்னால் திட்டுவார்கள். இரண்டாவது கியரிலேயே எஞ்சின் அலற அலற ஊர் தாண்டிப் போய்த் திரும்பியதில் எஞ்சின் சூட்டு நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. ஒருநாள் தையல் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனவர், எஞ்சினை அணைக்காமலே போய்விட்டார். கடைக்காரர் வந்து சொல்லும்போது டேங்க் வறண்டிருந்தது. உச்சமாக, மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பம்பரில் வைத்த கருவி பீப் பீப் என்று உயிர்போகக் கத்த, நிதானமாகப் பின்னால் எடுத்து, வீட்டுத் தண்ணீர் டிரம்மை நசுக்கினார்.

"அது கத்துதுல்லப்பா!"

"கருவி சரியில்ல. எல்லாம் அந்தப் பய வேலை." முகம் கறுத்திருந்தது. "வண்டில உசுரே இல்ல. செத்ததத் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கு."

மறுநாள் பட்டறைக்குக் கிளம்பினார். கோபத்தோடு போகிறார், கூடப் போ என்று அம்மா மகளை அனுப்பினாள். காலை நேரம், பட்டறையில் ஆள் நிறைய. டாக்சிக்காரர்கள் சிலர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டன்காரர் இறங்கியதுமே ஆரம்பித்தார்.

"என் வண்டிய என்னடா பண்ணி வச்சிருக்கே?"

ரேடியோவுக்கு டீ புரையேறியது. "என்னண்ணே ஆச்சு?"

"என்ன ஆச்சா? நல்லா இருந்த வண்டி. இத்தனை வருஷம் ஒரு நாள் நடு ரோட்ல நின்னிருக்குமா? உன் கை பட்டுச்சு, நாசமாப் போச்சு. நீ மெக்கானிக்கா, கசாப்புக்காரனா?"

அதுவரைக்கும் அப்பா யாரையும் 'டா' போட்டு மகள் கேட்டதில்லை. ஒரு டாக்சிக்காரர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சைகை காட்டினார். எஞ்சின் கிளம்பியது. திறந்த பானெட்டுக்குப் பின்னால் குனிந்து, உள்ளே பார்த்தபடியே பேசினார்.

"நல்லாத்தான் ஓடுது... அண்ணே, கொஞ்சம் அணைங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அணைங்கன்னு சொன்னேன்."

பட்டன்காரர் கையை டேஷ்போர்டில் வைத்தார். பிறகு சாவியை மறுபடி முன்னால் திருப்பினார். கர்ர்ர்.

"ஐயோ, ஓடிட்டிருக்குண்ணே! திருப்பாதீங்க!"

மறுபடி கர்ர்ர். அப்பா வீம்புக்குச் செய்கிறார் என்று மகள் நினைத்தாள். ரேடியோ நிமிர்ந்தார். பானெட்டுக்கு மேலாக, கண்ணாடி வழியே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். டேஷ்போர்டில் விரிந்திருந்த கையைப் பார்த்தார். ஏதோ சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ரேடியோவின் வாய் திறந்தபடி சத்தமில்லாமல் இருந்ததை அந்தப் பட்டறையில் யாரும் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள்.

சுற்றி வந்து, ஜன்னலுக்கு நேராகக் குனிந்து, முகத்துக்கு முகம் வைத்து, உரக்கச் சொன்னார்.

"என் தப்புதான் அண்ணே. தப்பான ரப்பர் போட்டுட்டேன். பழசயே மாட்டித் தரேன்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பட்டன்காரர் தலையசைத்தார். பழைய இரும்பு போடும் டிரம்மில் கையை விட்டு, வெடித்து அழுங்கிப்போன அந்த ரப்பர் கட்டைகளை ரேடியோவே தேடி எடுத்தார். மாலைக்குள் வண்டி மறுபடி மாவு மில்லாயிற்று. பட்டன்காரர் டேஷ்போர்டில் கை வைத்தார், நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது, முகம் மலர்ந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

செய்தி அவரை முந்திக்கொண்டு போனது. டாக்சி ஸ்டாண்டில், பங்கில், தையல் கடைகளில் ஒரே பேச்சு. நல்ல வண்டியை ரேடியோ கெடுத்துவிட்டான், அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான், பழைய சாமானையே திருப்பி மாட்டினான். பட்டன்காரரைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவரும் அதையே சொன்னார். டாக்சிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறை பார்த்துக்கொண்டன.

மகளுக்கும் முதலில் ரேடியோ மேல் கடுப்புதான். பணம் வாங்கிவிட்டுக் கெடுத்துவிட்டாரே என்று. ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் கணக்கு உதைத்தது. புது ரப்பர் எப்படிப் பழையதைவிட மோசமாக இருக்கும்? தப்பான ரப்பர் என்றால் சரியானதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே? செத்த ரப்பரைத் தேடி எடுத்து மாட்டுவானேன்? ஆபீஸில் நாள் முழுக்க விபத்துக் கோரிக்கைகளைப் படித்து, எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று பிரிப்பதுதான் அவள் வேலை. ஒரு மாலை நேரே பட்டறைக்குப் போனாள்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. ரப்பர் தப்பா?"

ரேடியோ ஒரு போல்ட்டைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "விடு பாப்பா, முடிஞ்சு போச்சு."

"நீங்க இவ்ளோ கம்மியாப் பேசினா எனக்குப் பயமா இருக்கு."

"உங்கப்பாகிட்டயே கேளு." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி நின்னு கேளும்மா. பின்னாடி நின்னு கேக்காத."

வீடு வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைகள் அவளைத் துரத்தின. அடுத்த நாள் வேலை முடியும் நேரத்தில் அப்பாவை ஆபீஸ் வாசலுக்கே வரச் சொன்னாள். ஜன்னல்கள் திறந்தன. அவள் மேலே பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைத் தன் பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் வேலைய விட்டுட்டேன்."

"ஆமா ஆமா" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "அந்தப் பச்சை பட்டன் இருக்குல்ல, நாலு துளை வச்சது, இந்த வருஷம் எவனும் தொடல" என்றார்.

ரயில் கூவிக்கொண்டு கடந்தது. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கட்டும் என்று ஒருநாள் இதே சீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். கணக்குப் பாடம் எடுக்கட்டுமா, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கட்டுமா என்று. "ஆமா ஆமா" என்று வந்த பதிலை எத்தனை வருடமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். எங்கப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை தெரியுமா என்று தோழிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அது சம்மதமா? அல்லது அவள் வாய் அசைவது கண்ணின் ஓரத்தில் பட்டதற்கு ஒரு மரியாதையா?

அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் திரும்பினார். நேராக, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் நின்ற லாரியும் பைக்குகளும் ஹார்னை அழுத்தின. அவர் நகரவில்லை. மகளின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல் முழுவதும் அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது.

"கொஞ்சம் கேக்கும்" என்றார் கடைசியில். "அம்மாகிட்ட சொல்லிடாத."

ஓரமாக நிறுத்திப் பேசினார்கள். பட்டன் வெட்டும் மெஷின் தின்ற காது அது. பக்கத்து மெஷின்காரர் ஒருவர் 'சரியாக் கேக்கல சார்' என்று உண்மையைச் சொல்லப்போய், அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதைப் பார்த்து இவர் வாயை மூடிக்கொண்டார். எதிரில் இருப்பவர் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார். விரல் வைத்துக் காட்டினாலே வியாபாரம் முடியும் என்பதால் விற்பனைக்கு வந்தார். நீல வண்டி நடுங்கியதால் பிழைத்தார். எஞ்சின் ஓடுவதும் திணறுவதும் கியர் கேட்பதும் உள்ளங்கையிலும் தொடையிலும் தெரிந்தது. மகள் அன்போடு அதை எடுத்துவிட்டாள்.

"கேக்காதவன்கிட்ட எவன் பட்டன் வாங்குவான்? லைசென்ஸைப் புடுங்கிட்டா நான் எங்க போவேன், சொல்லு."

வீட்டில் அம்மாவிடம் சொல்லத்தான் செய்தாள். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதா? கூப்பிடணும்னா லைட்ட ரெண்டு தடவை போட்டு அணைப்பேனே, எதுக்குன்னு நெனச்சே?"

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அவர் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கார். அதைக் கெடுப்பானேன்?" மடித்த சட்டையைத் தட்டி வைத்தாள். "நான் திட்டறது கேக்காததாலதான் இந்த வீட்ல சண்டையே இல்ல. அது வேற."

டாக்டரிடம் அழைத்துப் போகச் சில வாரங்கள் ஆயின. டாக்டர் அவருக்கு நேராக உட்கார்ந்து, "கேக்கலன்னா ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். கேக்குதுன்னு நடிச்சுட்டு ஓட்டாதீங்க" என்றார். கேட்கும் கருவி வந்தது. லைசென்ஸ் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும், மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டப் போகும் நாள் காலை அம்மா கவலையில் சமைக்கவே இல்லை. ஓட்டிக் காட்டினார். அகலமான கண்ணாடிகள் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார்கள். தையற்காரர்கள் கருவியைப் பார்த்தார்கள், ஒருவர் "எங்க மாமனாரும் இதேதான் வச்சிருக்கார்" என்றார், பட்டன் மேல் விரல் வைத்தார், அவ்வளவுதான். இத்தனை வருடம் எதற்குப் பயந்தோம் என்று அன்றிரவு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

இனி வண்டிக்கு நல்ல ரப்பர் போடலாம். எஞ்சின் ஓடுவதைக் கண்ணால் பார்க்கப் பெரிய முள் வைத்த மீட்டர் ஒன்று, பீப் பீப்புக்குப் பதில் சிவப்பு விளக்கு, அகலக் கண்ணாடிகள். இதற்கெல்லாம் ரேடியோவிடம்தான் போக வேண்டும். பட்டன்காரரோ ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு பட்டறைக்கு ஓட்டினார்.

அங்கே மெக்கானிக் அடியில் புகுந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எந்த மடையன் சார் இதை மாட்டினான்? குப்பைல போடற ரப்பர். இவனுக்கெல்லாம் எவன் வண்டி குடுக்கறான்?"

முன்பென்றால் கேட்டிருக்காது. இப்போது காதில் கருவி இருந்தது. பட்டன்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். 'எனக்காகத்தான் மாட்டினான்' என்ற வாக்கியம் அவர் தொண்டை வரைக்கும் வந்ததை மகள் பார்த்தாள். அது மேலே வரவில்லை.

திரும்பும் வழியில் அவரே ஆரம்பித்தார். "ரேடியோகிட்ட போய்ச் சொல்லணும்."

"போலாம்ப்பா. இப்பவே போலாம்."

"சொல்லணும். அத்தனை பேர் முன்னாடி திட்டினேன். அத்தனை பேர் முன்னாடி சொன்னாத்தான் சரி."

அதுதான் முள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதென்றால் மறுநாளே சொல்லியிருப்பார். டாக்சிக்காரர்கள் பெஞ்சில் இருக்கும்போது, 'ரேடியோ மேல் தப்பில்லை, எனக்குத்தான் காது கேட்காது, அதை மறைக்கத்தான் கத்தினேன்' என்று சொல்ல வேண்டும். கருவி வைத்துக்கொள்வது வேறு, இதைச் சொல்வது வேறு. இன்னொன்றும் அவரைக் குடைந்தது. அந்த ரேடியோ, ஊர் விஷயம் ஒன்றுகூடத் தங்காத அந்த வாய், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பட்டறை பிழைத்திருக்கும். "அவன் சொல்லிட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்" என்றார் ஒருமுறை. அப்படி நினைப்பதற்கே வெட்கப்படுபவர்போல உடனே கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

அடுத்த ஆயில் மாற்றும்போது போகிறேன் என்பார். அந்த முறை வரும், மறுகோடிப் பட்டறைக்கே வண்டி போகும். ஒருநாள் உண்மையாகவே கிளம்பினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மகளையும் ஏற்றிக்கொண்டார். ரேடியோவின் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வெகுநேரம் பட்டறை வாசலைப் பார்த்தார். யாரோ இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கூட்டமா இருக்கு" என்றார்.

"ஆள் இருக்கும்போதுதானே சொல்லணும்னீங்க?"

"ஆமா ஆமா" என்றார். இந்தமுறை நன்றாகக் கேட்டுத்தான் சொன்னார். வண்டி திரும்பியது.

அவளே போய்ச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்திருக்கிறாள். அப்பாவுக்கு உதவி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். அப்பா செய்ய முடியாததைத் தான் செய்துகாட்டும் திமிர் என்றும் வைக்கலாம். எதுவென்று தீர்மானிக்க முடியாமல் இருந்துவிட்டாள். வண்டியைச் சரி பண்ணித் தரேன் என்று கிளம்பியதும் இப்படித்தான். அது அப்பாவுக்காகவா, ஆபீஸ் ஜன்னல்களுக்காகவா என்று இன்றுவரை அவளுக்குத் தெளிவாகவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் பட்டன்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள்கூட மூன்று ஊர் போய்வந்தவர். வந்திருந்த தையற்காரர்கள் எல்லாம், கடைசிவரைக்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே ஓட்டினார் என்று சொன்னார்கள். ரேடியோவும் வந்தார். கும்பலின் கடைசியில் நின்றார். யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

வண்டி இப்போது மகளிடம். ஆபீஸ் வாசல் வரைக்கும் அதில்தான் போகிறாள். ஆயில் மாற்ற வேண்டி வந்தபோது, அவள் ரேடியோவின் தெருவில் திரும்பினாள்.

பட்டறையில் கார் ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டர்களும் மொபெட்களும் நின்றன. ரேடியோ நரைத்திருந்தார். ஆனால் வாய் அதேதான். அவளைப் பார்த்ததும் பெட்ரோல் விலையில் ஆரம்பித்து, அவர் மகனின் பரீட்சை, தெருவில் தோண்டிவிட்டு மூடாத பள்ளம் என்று ஓடியது. பானெட்டைத் திறந்தவர், புது மவுண்ட்டிங்கைப் பார்த்தார். டேஷ்போர்டில் இருந்த பெரிய முள் மீட்டரை எட்டிப் பார்த்தார். பேச்சு ஒரு மூச்சளவு நின்று, பள்ளத்திலேயே மறுபடி தொடர்ந்தது.

பெஞ்சில் மொபெட்டுக்குக் காத்திருந்த வயதானவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். ஒருகாலத்தில் டாக்சி ஓட்டியவர் என்பது காக்கிச் சட்டையில் தெரிந்தது. சத்தமில்லாத நீல வண்டியையும் அவளையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாப்பா, ஊருக்குப் புதுசா? கார இவன்கிட்ட குடுக்காத. பட்டன்காரர்னு ஒருத்தர், தங்கமான மனுஷன். அவர் வண்டிய இவன் கெடுத்த கெடுப்பு இருக்கே, நான் இதே பெஞ்சுல உக்காந்து பாத்தேன். மொபெட்டுன்னா பரவால்ல, காருக்கு வேற ஆள் பாரு."

மகளுக்கு உடம்பு முழுவதும் சுட்டது. ஆள் இருந்தது, பெஞ்ச் இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். "ஐயா, அது" என்று ஆரம்பித்தாள்.

ரேடியோ பானெட்டுக்கு மேலாக அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம்.

"பெருசு, உன் மொபெட் ரெடி, எடுத்துட்டுக் கிளம்பு" என்று உரக்கச் சொன்னார். "அறிவுரை சொல்றதுக்குத் தனியா காசு தரமாட்டேன்."

கிழவர் முணுமுணுத்தபடி மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். பட்டறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஏன் மாமா தடுத்தீங்க? நான் சொல்லியிருப்பேன்."

"போனவர் பேச்ச நீ எடுத்துப் பேசாதம்மா. அவரே மறைச்சு வச்சிருந்தது. எனக்காக நீ ஏன் அதை அவுக்கணும்?" ஆயில் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது. "தெருமுனைல ஒருநாள் வண்டிய நிறுத்திட்டு நின்னீங்கல்ல, நீயும் அவரும். நான் பாத்தேன். அன்னிக்கு இங்க நின்ன ரெண்டு பேரையும் சீக்கிரம் அனுப்பிட்டு, கைய கழுவிட்டு வந்து பாத்தேன். வண்டி இல்ல."

அவள் திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள்.

"ஆளே இல்லன்னாலும் பரவாயில்ல, தனியா வந்தாவது சொல்லுவாருன்னு இருந்தேன்" என்றார் ரேடியோ.